மணப்பாட்டுக் குன்றில் இரண்டு அடையாளங்கள்

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலுள்ள ஒரு சேகரத்தின் (சபைத் தொகுதியின்) வாலிபர் சங்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கலங்கரை விளக்கத்தை வைத்து ஒரு குறும்படமும் கூடவே ஒரு புகைப்படக் கண்காட்சியும் செய்யப்போகிறோம், அண்ணாச்சி. அது எப்படிக் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அடையாளம் ஆனது? சினிமாவிலும் போட்டோவிலும் யார் அதை நன்றாகக் காட்டியிருக்கிறார்கள்? மணப்பாட்டில் எடுத்தால் சரியாக வருமா?"

மணப்பாடு சரியான இடம்தான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயமும் லைட் ஹவுஸும் நிற்கின்றன. பக்கத்திலேயே சவேரியார் தங்கிய குகை. செட் போடுகிற செலவே இல்லை. ஆனால் அந்த அழகுதான் உங்களுக்கு ஆபத்து. விடியற்காலையில் கோபுரத்தை மட்டும் எடுத்துவந்து கீழே ஒரு வேத வசனம் போட்டால் அது காலண்டர். கண்காட்சிக்கு வருகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் கலங்கரை விளக்கம் தனியாக நின்றால் அது ஒரு கட்டடம். படகோ, ஆளோ, கரையில் ஒரு சின்ன விளக்கோ இரண்டாவதாக உள்ளே வரும்போதுதான் அது விசுவாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறது. வரலாற்றைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது.

வேதாகமத்தில் கலங்கரை விளக்கமே கிடையாது. இயேசு பிறப்பதற்கு 200 வருஷத்துக்கும் முன்பிருந்தே அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் பாரோஸ் கோபுரம் நின்றுகொண்டிருந்தது. பவுலை ரோமாபுரிக்குக் கொண்டுபோனதும் அலெக்சாந்திரியாக் கப்பல்தான். அப்படியிருந்தும் ஒரு வரி இல்லை. நாம் லைட் ஹவுஸ் படத்துக்குக் கீழே போடுகிற மத்தேயு 5-ஆம் அதிகார வசனத்தில் இருப்பது மலைமேல் ஒரு பட்டணம், அப்புறம் வீட்டுக்குள் விளக்குத்தண்டின்மேல் வைத்த ஒரு விளக்கு. கடலே இல்லை. கடலும் புயலும் வருகிற அப்போஸ்தலர் 27-இல் வெளிச்சம் இல்லை. பல நாளாகச் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. பாறையில் மோதிவிடுவோமோ என்று பயந்து, கப்பலின் பின்பக்கத்திலிருந்து 4 நங்கூரத்தை இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் கல்லறைகளில் மீனையும் கப்பலையும் நங்கூரத்தையும் கீறினார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. எபிரெயர் நிருபம் நம்பிக்கையை நங்கூரம் என்றே சொல்லிவிட்டது. ரோமாபுரியின் பழைய கிறிஸ்தவக் கல்லறைப் பலகைகளில் கலங்கரை விளக்கமும் உண்டு. ஆனால் அதை நோக்கி ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கும். செத்தவரின் ஆத்துமா துறைமுகம் சேர்கிறது என்று அர்த்தம்.

பிற்பாடு ஐரோப்பாவில் விளக்கு எரிப்பது சபையின் வேலையாகவே ஆனது. இங்கிலாந்தின் தென்கரையில் வைட் தீவு என்று ஒன்று. 1313-இல் திராட்சரசம் ஏற்றிவந்த கப்பல் ஒன்று அங்கே தட்டிப்போனது. ஊர்க்காரர்கள் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் அந்த ஊர்ப் பிரபு ஒருவருக்கும் பங்கு. சரக்கு ஒரு மடத்துக்குச் சொந்தம் என்பதால் விஷயம் பெரிதாகிவிட்டது. பாவத்துக்குப் பரிகாரமாக அந்தப் பிரபு குன்றின்மேல் ஒரு ஜெபக்கூடமும் விளக்குக் கோபுரமும் கட்ட வேண்டியிருந்தது. 1328-இல் முடிந்தது. அங்கே ஒரு குருவானவர் இருந்து, கடலில் போனவர்களுக்காகப் பூசை வைக்க வேண்டும், ராத்திரி விளக்கையும் எரிக்க வேண்டும். கோபுரம் இன்றும் நிற்கிறது. பிரான்சில் 1611-இல் முடிந்த கோர்துவான் கலங்கரை விளக்கத்தின் உள்ளேயே ஒரு சிற்றாலயம் இருக்கிறது. பிரெனெல் என்ற அறிஞர் தன் புதுவகைக் கண்ணாடி லென்ஸை 1823-இல் முதன்முதலில் பொருத்தியதும் அதே கோபுரத்தில்தான். அதற்குப் பிறகுதான் ஒளி முன்னைவிட இறுகிய கற்றையாகத் திரண்டு அதிக தூரம் போகத் தொடங்கியது. இன்று நாம் 'கலங்கரை விளக்கம்' என்றதும் மனதில் வரைகிற, இருட்டைக் கிழித்துச் சுழலும் அந்தக் கற்றைக்கு வயது 200 சொச்சம்தான்.

அதைப் பிரசங்கத்துக்குள் கொண்டுவந்தது அமெரிக்கா. அமெரிக்க நற்செய்தியாளர் டி. எல். மூடி சொன்ன ஒரு கதை: புயலில் கிளீவ்லாந்து துறைமுகத்துக்கு வருகிற கப்பல். மாலுமிக்கு லைட் ஹவுஸ் தெரிகிறது. ஆனால் தண்ணீர் ஓரத்தில் எரியவேண்டிய கீழ் விளக்குகள் அணைந்துகிடக்கின்றன. துறைமுகத்துக்குள் போகிற நீர்வழி எங்கே என்று புலப்படாமல் கப்பல் பாறையில் ஏறி உடைந்துபோகிறது. பெரிய விளக்கைப் பிதா பார்த்துக்கொள்வார், கீழ் விளக்குகளை நாம் எரிக்க வேண்டும் என்று மூடி முடிப்பார். அதைக் கேட்டு பாடலாசிரியர் பிலிப் பிளிஸ் 1871-இல் ஒரு பாட்டு எழுதினார், அது உலகம் சுற்றியது. உங்கள் குறும்படத்துக்கு வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தக் கதையை மட்டும் விடாதீர்கள். இதில் லைட் ஹவுஸ் ஒழுங்காகத்தான் எரிகிறது, ஆனாலும் கப்பல் உடைகிறது. உயரத்தில் இருக்கிற ஒற்றை விளக்கு "இது கிளீவ்லாந்து" என்று ஊரைச் சொல்லும். உள்ளே வர வழி சொல்லாது. வழி வேண்டுமென்றால் இரண்டு விளக்கு வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே கோட்டில் தெரிகிற மாதிரி கப்பலைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

இது நம்ம ஊர்க் கடலோடிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் கரையில் இரண்டு அடையாளத்தை நேர்க்கோட்டில் பிடித்துத்தான் மீன் கிடக்கும் பாரை (கடலடிப் பாறைத் திட்டை) கண்டுபிடித்தார்கள், துறைக்கும் திரும்பினார்கள். ஆலயக் கோபுரம் ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு பனை அல்லது ஒரு தேரி (செம்மணல்) மேடு. திருச்செந்தூர்க் கோவில் கோபுரமும் அதில் உண்டு, வீரபாண்டியன்பட்டினத்து ஆலயமும் உண்டு, மணப்பாட்டுச் சிலுவையும் உண்டு. கடலில் நிற்கிறவன் அடையாளத்துக்குச் சாமி பேதம் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். திருநெல்வேலிச் சீமையில் (மணப்பாடு இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் பழைய சீமைதான்) கிறிஸ்தவம் இரண்டு கரையாக இருக்கிறது. கடலோரம் கத்தோலிக்கம். 1530-களில் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள், 1542-இல் சவேரியார் வந்தார். உள்நாட்டில், பனங்காட்டிலும் தேரியிலும், நம்ம சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை. கடலோரத்து விசுவாசத்தில் லைட் ஹவுஸுக்குப் பெரிய இடம் கிடையாது. அங்கே சிலுவை, பனிமய மாதா, உவரி அந்தோணியார். உவரியில் மாதா கோவிலையே கப்பல் வடிவில் கட்டியிருக்கிறார்கள். மாதாவைக் 'கடலின் விண்மீன்' என்று கூப்பிடுகிற மரபு இருக்கும்போது அரசாங்கக் கோபுரத்தைத் தேடி அவர்கள் ஏன் போகவேண்டும்?

கலங்கரை விளக்கம் தொங்குவது நம்ம வீட்டுச் சுவர்களில். நம்ம ஆலயங்களில் சுரூபம் கிடையாது, படம் குறைவு. அந்த வெற்றிடத்தை வசனக் காலண்டர் நிரப்பிக்கொண்டது. சாத்தான்குளத்தில் ஒரு வீட்டு முன்னறையை நினைத்துப் பாருங்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது. சுவரில் பைன் மரமும் பனியும் சூழ்ந்த ஏதோ ஒரு மேல்நாட்டுக் கடற்கரை, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கோபுரம், கீழே புத்தாண்டு வாக்குத்தத்த வசனம். அந்த வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மணப்பாட்டு லைட் ஹவுஸுக்கே போய்விடலாம். அதை வைத்துக் காலண்டர் போட ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பதையே உங்கள் கண்காட்சியின் முதல் கேள்வியாக வைக்கலாம். பக்கத்திலேயே மெஞ்ஞானபுரத்து ஆலயத்தின் படம் ஒன்றையும் மாட்டுங்கள். மிஷனெரி ஜான் தாமஸ் ஐயர் காலத்தில் எழுந்த 192 அடிக் கோபுரம். சுற்றிலும் தேரியும் பனையுமாகக் கிடக்கும் சமவெளியில் அதைவிட உயரமாக ஒன்றுமில்லை. உள்நாட்டுக்காரனுக்கு அதுதான் கலங்கரை விளக்கம்.

சரி, சினிமா. உண்மையைச் சொன்னால், கலங்கரை விளக்கத்தை விசுவாசத்தின் அடையாளமாக நேராகக் காட்டிய படங்களில் தேறுவது குறைவு. 'நற்செய்தி'ப் படங்களில் வரும் லைட் ஹவுஸ் பெரும்பாலும் முடிவில் ஒரு இசையோடு வந்துபோகிற படம்தான். விசுவாசத்தைப் பற்றி யோசிக்க வைத்தவை வேறு வகைப் படங்கள். அவை அங்கே வேலை பார்க்கும் காவல்காரனைக் காட்டியவை.

2019-இல் ராபர்ட் எகர்ஸ் எடுத்த 'தி லைட்ஹவுஸ்' கறுப்பு வெள்ளைப் படம், திரைச்சட்டமும் ஏறக்குறையச் சதுரம். கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையில் 70 அடிக் கோபுரத்தைப் படத்துக்காகவே கட்டினார்கள். கதையில் இரண்டு காவல்காரர்கள். மூத்தவன் விளக்கறையைப் பூட்டி வைத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தனக்கு மட்டும் என்று அனுபவிக்கிறான். இளையவன் கரி அள்ளுகிறான், தரை துடைக்கிறான், அந்த அறைக்குள் போகவேண்டும் என்ற வெறியில் கெட்டுப்போகிறான். அது கிறிஸ்தவப் படம் கிடையாது. முடிவு தேவர்களின் நெருப்பைத் திருடித் தண்டனை பெற்ற கிரேக்கப் புராணத்து பிரமீத்தியஸை நினைவுபடுத்தும். ஆனால் மத்தேயு 5-இல் வருகிற மாதிரி விளக்கை மரக்காலால் (அளவுப் படியால்) மூடிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பயங்கரமான விளக்கவுரையை நான் பார்த்ததில்லை. சங்கத்தில் போட்டுக் காட்டாதீர்கள், ஐயரவாள் (நம்ம போதகர்) என்னைத் தேடி வருவார். நீங்கள் மட்டும் பாருங்கள்.

சங்கத்தில் போடக்கூடியது 2016-இல் வந்த 'தி லைட் பிட்வீன் ஓஷன்ஸ்'. தனித் தீவில் காவல்காரனும் மனைவியும். பிள்ளை தங்காத வீடு. ஒருநாள் ஒரு படகு ஒதுங்குகிறது. உள்ளே ஒரு ஆணின் பிணம், உயிரோடு ஒரு கைக்குழந்தை. நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுவது காவல்காரனின் கடமை. அன்று அவன் எழுதவில்லை. அந்த எழுதாத வரியிலிருந்துதான் பாவம், மனசாட்சி, மன்னிப்பு எல்லாம் கிளம்புகிறது. விளக்கு ராத்திரிதோறும் சரியாக எரிகிறது, எரிக்கிறவனுக்குள்தான் இருட்டு. நம்ம சபைகளில் இந்தக் கதை எத்தனை பேருக்குப் புரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழுக்கு வந்தால், நம்ம கரையோரக் கிறிஸ்தவத்தைத் திரையில் அதிகம் காட்டியது பாரதிராஜாவும் மணிரத்னமும். 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' முட்டத்தில் எடுத்தது. 2013-இல் 'கடல்' படத்தின் பகுதிகள் மணப்பாட்டிலேயே எடுத்தவை. 'கடல்' படத்தில் பாதிரியாருக்கும் அவருடைய எதிரிக்கும் இடையிலான கணக்கு தீர்வது கொந்தளிக்கிற கடலில், படகின்மேல். அது சரியான முடிவு என்று நினைக்கிறேன். கோபுரத்தின் காலடியில் அதை வைத்திருந்தால் அந்தக் கோபுரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கும், மனிதர்களுக்கு வேலை இருந்திருக்காது.

இனி புகைப்படம். உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த லைட் ஹவுஸ் படம் ழான் கிஷார் 1989 டிசம்பர் 21 அன்று எடுத்தது. பிரான்சின் பிரித்தானிக் கரைக்கு அப்பால் நடுக்கடலில் நிற்கும் லா ழுமான் கோபுரம். பின்னாலிருந்து எழுந்த அலை இரண்டு பக்கமும் கோபுரத்தைச் சுற்றி மூடவருகிறது. கீழே திறந்த கதவில் ஒரு ஆள், கை பாக்கெட்டில் இருக்கிற மாதிரிச் சாவகாசமாக நிற்கிறான். வாட்ஸாப்பில் "புயலின் நடுவே சமாதானம்" என்று இந்தப் படம் சுற்றிவருவதைப் பார்த்திருப்பீர்கள். நடந்தது வேறு. அந்தக் காவல்காரர் தியோதோர் மால்கோர்ன், புயலில் மாட்டிக்கொண்டு மீட்புக்காகக் காத்திருந்தார். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் தன்னைக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள் என்று கதவைத் திறந்தார். வந்தது கிஷார் படம் எடுக்க வாடகைக்கு எடுத்திருந்த ஹெலிகாப்டர். அலை வருவதை உணர்ந்து சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தியதால் பிழைத்தார். சமாதானப் படம் என்று நாம் பகிர்வது, ஒரு மனுஷன் காப்பாற்றப்படுவோம் என்று நம்பி ஏமாந்த நொடி. எனக்கு இந்த உண்மைக் கதைதான் பிடித்திருக்கிறது. விசுவாசத்துக்கும் இதுதான் நெருக்கம். எப்படியானாலும், அந்தக் கதவில் ஆள் இல்லையென்றால் அது இன்னொரு அலைப்படம்தான்.

மணப்பாட்டில் என்ன செய்யலாம் என்று இப்போது பார்ப்போம்.

குன்றடியில் நின்று அண்ணாந்து எடுக்காதீர்கள். விளக்கின் ஒளி கிடையாகத் தொடுவானத்தை நோக்கிப் போகிறது; காலடியில் நிற்கிறவனுக்கு அது வேலையே செய்வதில்லை. படகில் ஏறுங்கள். விடியுமுன் தொழிலுக்குப் போகிற பைபர் படகுக்காரர் யாரிடமாவது பேசி, லைப் ஜாக்கெட்டோடு, அவர் சொல்கிற நாளில் போங்கள். 40 மீட்டர் உயரத்தில் எரிகிற விளக்கு, தண்ணீருக்கு 1 மீட்டர் மேலே கண் வைத்திருக்கிறவனுக்குச் சுமார் 15 கடல்மைல் வரைதான் தெரியும். பூமி வளைந்திருப்பதால் அதற்கப்பால் முங்கிப்போகும். அவ்வளவு தூரம் நீங்கள் போகவேண்டாம். இரண்டு, மூன்று மைல் போனாலே லைட் ஹவுஸ் ஒரு பொட்டாகச் சுருங்கிவிடும். படகின் முன்னணியத்தில் கட்டியிருக்கும் செபமாலை, அதன் பக்கத்தில் பச்சையாக ஒளிரும் ஜி.பி.எஸ். திரை, அதற்கப்பால் இருட்டில் அந்த ஒரு பொட்டு. மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவந்தால் பாதிக் கண்காட்சி முடிந்தது.

கொஞ்சம் வெளுத்ததும் படகை ஆலயச் சிலுவையும் லைட் ஹவுஸும் நேர்க்கோட்டில் வருகிற இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் போட்டால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அமுங்கி ஒன்றின்மேல் ஒன்று நிற்கும். வைட் லென்ஸில் இரண்டும் சின்னப் புள்ளியாகிவிடும். படகு ஆடுவதால் ராத்திரியில் ஷட்டரை வெகுநேரம் திறந்துவைக்கிற லாங் எக்ஸ்போஷர் கடலில் நடக்காது. அதைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் உப்புப் பனி இருந்தால்தான் கற்றை கண்ணுக்குத் தெரியும். சுத்தமான வானத்தில் வெறும் மினுக்குத்தான். அதற்காகக் கம்ப்யூட்டரில் கற்றை வரைந்து ஒட்டாதீர்கள். கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒன்றே போதும், கண்டுபிடித்துவிடும். ஆனி, ஆடி மாதக் காற்றில் போகவேண்டாம். மணல் லென்ஸைத் தின்றுவிடும்.

குறும்படத்துக்கு ஒரு யோசனை. எல்லா லைட் ஹவுஸுக்கும் தனித்தனித் தாளம் உண்டு. எத்தனை விநாடிக்கு எத்தனை மின்னல் என்று எண்ணித்தான் மாலுமி இது எந்த ஊர் என்று முடிவு செய்வான். மணப்பாட்டு விளக்கின் தாளத்தை வாட்ச் வைத்து அளந்து, படத்தொகுப்பை அந்தத் தாளத்திலேயே வெட்டுங்கள். மின்னலுக்கு நடுவிலுள்ள இருட்டு வருகிறபோது திரையும் இருட்டாகவே இருக்கட்டும், சத்தம் மட்டும் ஓடட்டும்: எஞ்சின், தண்ணீர், படகில் இருப்பவர் பேச்சு. பார்க்கிறவர்கள் தாமாகவே எண்ணத் தொடங்குவார்கள். பின்னணிக் குரலில் வசனம் வாசிக்கிற வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடலாம்.

அனுமதி விஷயம்: லைட் ஹவுஸ் மத்திய அரசுடையது, உள்ளே படமெடுக்க முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். டிரோனுக்குத் தனி அனுமதி, கிடைத்தாலும் இந்தப் படத்துக்கு அது தேவையில்லை. ஆலய வளாகத்துக்குப் பங்குச் சாமியாரைப் பாருங்கள். அங்கே போய் நம்ம போதகரைக் கூப்பிடுகிற மாதிரி 'ஐயர்' என்று ஆரம்பிக்காதீர்கள். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டிப் போனால் கூட்டத்தின் முகங்கள் கிடைக்கும், குன்று கிடைக்காது.

எடுத்து முடித்ததும் ஆலயத்தில் போடுவதற்கு முன்னால் அந்தப் படகுக்காரருக்குப் போட்டுக் காட்டுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு, எந்த இடத்தில் நின்று எடுத்தது என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டார் என்றால் படம் தேறிவிட்டது.